கடையில் செய்து காட்டும் ஒப்பீட்டை நம்பி மிரர்லெஸ் கேமரா வாங்காதீர்கள்

பழைய மாடல் போதுமா, புதியதையே வாங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீங்களே எடுத்துப் பாருங்க சார்" என்று சொன்ன ஒரு கடைக்காரர் என்னை ஏமாற்றினார். வாய்ப்பேச்சால் ஏமாற்றுகிறவர்களை நமக்குத் தெரியும். இவர் படம் எடுத்துக் காட்டியே ஏமாற்றினார். கண்ணால் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அதனால்தான் எப்படிச் செய்தார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் பார்த்தவை சோனி ஏ7 மார்க் 3, ஏ7 மார்க் 4 என்ற இரண்டு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராக்கள். முன்னது 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். பின்னது 2021-இல் அறிவிக்கப்பட்டது, 33 மெகாபிக்சல். என் வேலை பெரும்பாலும் உள்ளரங்க மேடை நிகழ்ச்சிகள். வெளிச்சம் குறைவாக இருக்கும், மேடையில் இருப்பவர்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். எனவே எனக்கு இரண்டே கேள்விகள்: இருட்டில் எதில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) குறைவு, நகரும் முகத்தை எது விடாமல் பிடிக்கும். மார்க் 4 வாங்கும் எண்ணத்தில்தான் போனேன். கடைக்காரர் மார்க் 3-ஐ எடுத்து வைத்தார். "டெமோவுக்கு வெச்சிருந்த பீஸ், புதுசு மாதிரி இருக்கு. உங்க வேலைக்கு இதுதான் சரி. மெகாபிக்சல் கூடினா நாய்ஸும் கூடும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், கடையின் மங்கலான மூலையில் ஒருவரை நிறுத்தி இரண்டிலும் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மார்க் 3 படம் சுத்தமாக இருந்தது. மார்க் 4 படம் மணல் தூவியது போல இருந்தது. அதை நம்பி மார்க் 3-ஐயே வாங்கிவிட்டேன்.

நல்லவேளையாக, அந்தப் படங்கள் என் மெமரி கார்டில்தான் பதிவாகியிருந்தன. வீட்டில் கணினியில் திறந்து எக்ஸிஃப் தகவலை, அதாவது எந்த லென்ஸில், எந்த அமைப்பில் எடுத்தது என்று படத்தோடு பதிவாகும் குறிப்பைப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மார்க் 3 படம் ஜூம் இல்லாத 55 எம்எம் பிரைம் லென்ஸில், எஃப் 1.8 துளையில் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ 640-இல் எடுக்கப்பட்டிருந்தது. ஐஎஸ்ஓ என்பது ஒளிக்கான உணர்திறன் அளவு, அதைக் கூட்டினால் நாய்ஸ் கூடுதலாகத் தெரியும். மார்க் 4 படம் கேமராவோடு சேர்த்து வரும் 28-70 கிட் லென்ஸில், எஃப் 5.6-இல், ஐஎஸ்ஓ 6400-இல். இரண்டிலும் ஷட்டர் வேகம் ஒன்றே. எஃப் 1.8-க்கும் எஃப் 5.6-க்கும் நடுவே உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு வித்தியாசப்படும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டிருந்ததால் கேமரா அந்தப் பத்து மடங்கை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டியிருக்கிறது. நான் பார்த்த மணல் முழுக்க அந்த லென்ஸும் அந்த ஐஎஸ்ஓவும் கொண்டு வந்தது. கேமராவின் மேல் பழி போட்டு எனக்குப் பழையதை விற்றிருக்கிறார்.

ஆட்டோ ஃபோகஸிலும் இதே கதை. ஒரு பணியாளரை எதிரே நடந்து வரச் சொல்லிக் காட்டினார். மார்க் 3 கண்ணைப் பிடித்துக்கொண்டே வந்தது, மார்க் 4 தடுமாறியது. எக்ஸிஃப் தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் பார்த்தால் பழையது தொடர் ஃபோகஸில், புதியது ஒருமுறை பிடித்துப் பூட்டிக்கொள்ளும் ஏஎஃப்-எஸ் முறையில் இருந்திருக்கிறது. நடந்து வருகிற ஆளிடம் ஏஎஃப்-எஸ் எப்படித் தாக்குப்பிடிக்கும்? எந்தக் கேமராவாக இருந்தாலும் திணறத்தான் செய்யும். தவறிப்போய் அப்படி அமைந்திருக்கலாமே என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. லென்ஸ், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதை நம்புகிறார்கள். மார்க் 3 படம் 6000 பிக்சல் அகலம், மார்க் 4 படம் 7008. இரண்டையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மார்க் 4 படத்தை நாம் கூடுதலாக உருப்பெருக்கிப் பார்க்கிறோம். அப்போது அதில் நாய்ஸ் சற்று அதிகமாகத் தெரிவது இயல்பு. ஒரே அகலத்துக்குச் சுருக்கி வைத்துப் பார்த்தால், ஒரே லென்ஸ், ஒரே ஐஎஸ்ஓவில், இருட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்ஸுக்காக மட்டும் மார்க் 4-க்குப் போக வேண்டியதில்லை, நாய்ஸுக்குப் பயந்து அதை ஒதுக்கவும் வேண்டியதில்லை. உண்மையான வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. மார்க் 3-இல் வீடியோ 8-பிட், 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான். மார்க் 4-இல் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் உண்டு, 4கே-யில் 60 ஃபிரேமும் உண்டு. ஆனால் 60-க்குப் போனால் சென்சாரின் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லின்) நடுப்பகுதி மட்டும் பயன்படும், காட்சியின் பரப்பு குறுகிவிடும். திரை பக்கவாட்டில் முழுக்கத் திரும்பும், பழையதில் மேலும் கீழும் மட்டும்தான். ஒன்றை விற்பவர்கள் சொல்லவே மாட்டார்கள்: மார்க் 4 நொடிக்கு 10 படம் எடுப்பது தரம் சற்றுக் குறையும் சுருக்கப்பட்ட ரா (சென்சார் பதிந்த தகவலை வைத்திருக்கும் கோப்பு) வடிவத்தில்தான், இழப்பில்லாத ராவுக்கு மாறினால் வேகம் 6 அளவுக்கு இறங்கிவிடும்.

கடைக்காரர் உண்மையும் சொன்னார், அதையும் மறைக்கவில்லை. பேட்டரி பழையதில்தான் அதிக நேரம் வரும் என்றார். சிபா என்ற கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த அளவீட்டில் திரையைப் பார்த்து எடுத்தால் மார்க் 3-க்கு 710 படம், மார்க் 4-க்கு 580. இரண்டும் ஒரே வகை பேட்டரிதான். இந்த ஒரு சரியான தகவலை வைத்துத்தான் மற்றதையும் நம்ப வைத்தார். ஆனால் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேட்டரியோ ஒரு டூப்ளிகேட். அந்த 710-இல் பாதியைக்கூட அது தொடவில்லை.

அடுத்த ஏமாற்று, "டெமோ பீஸ்" என்ற பேச்சு. புதுசு மாதிரி என்பதற்குச் சாட்சியாகக் கோப்பு எண்ணைக் காட்டினார். நூறைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. கோப்பு எண் 9999 வரை ஓடி மறுபடி ஒன்றில் தொடங்கும். மெனுவில் ரீசெட் செய்யவும் முடியும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஒளி மறைப்பு) எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதுதான் கணக்கு. மார்க் 3-இல் எடுத்த ஒரு படத்தை எக்ஸிஃப்டூலில் போட்டாலே அந்த எண் தெரியும். எனக்கு வந்த பாடியில் அது ஒன்றரை லட்சத்தை நெருங்கியிருந்தது. இந்த மாடலின் ஷட்டர் சுமார் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்று தயாரிப்பு நிறுவனம் சொல்கிறது. அதைத் தாண்டி ஓடும் ஷட்டரும் உண்டு, அதற்கு முன்பே நின்றுபோவதும் உண்டு. ஆனால் கண்ணாடி அலமாரியில் இருந்த டெமோ பீஸ் ஒன்றரை லட்சம் முறை அடிக்காது. யாரோ வேலைக்கு வைத்துத் தேய்த்த கேமரா அது.

சீரியல் நம்பரையும் பார்த்தேன். பாடியின் அடியில் ஒன்று, பெட்டியில் வேறொன்று. வாரண்டி கார்டில் கடையின் முத்திரை பளிச்சென்று இருந்தது. சர்வீஸ் சென்டரில் பாடியின் எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, அது முன்பே பதிவாகி வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பில்லிலோ "கேமரா பாடி 1" என்று மட்டும் இருந்தது. மாடல் பெயர்கூடப் பாதிதான், சீரியல் நம்பரே இல்லை. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், திறந்த பெட்டிப் பொருள் திரும்பப் பெறப்படாது என்று ஒரு வரி. வாங்கும்போது வாய் திறந்து யாரும் அதைச் சொல்லவில்லை.

திரும்பிப் போய் எக்ஸிஃப் தாள்களை மேசையில் வைத்தேன். முதலில் சிரித்தார். "லென்ஸ் மாத்தி போட்டிருப்பாங்க சார், பையன் கவனிக்கல" என்றார். சீரியல் நம்பரைக் கேட்டதும் பெட்டி மாறியிருக்கும் என்றார். ஷட்டர் எண்ணுக்குப் பதில் வரவில்லை. கடைசியில், கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் மார்க் 4 தருகிறேன் என்று இறங்கி வந்தார். அதாவது என்னை ஏமாற்றி விற்ற பொருளுக்கு அவரே ஒரு மதிப்பு போட்டு, அதை அடித்துக்கொண்டு மீதியை நான் தர வேண்டுமாம். மறுத்துவிட்டேன். முழுப் பணம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பணம் வரவில்லை. படக் கோப்புகள், பில், சர்வீஸ் சென்டரின் பதில் எல்லாவற்றையும் சேர்த்துப் புகாரும் கொடுத்திருக்கிறேன்.

மார்க் 3 மோசமான கேமரா என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் புகைப்படம்தான், வீடியோ எப்போதாவது என்றால் இன்றைக்கும் அது தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரைம் லென்ஸ் வாங்கலாம். மங்கலான அரங்கில் அந்த லென்ஸ் செய்வதைப் புது பாடி செய்யாது. எனக்குக் கோபம் அந்தக் கேமராவின் மேல் இல்லை.

இந்த வாரம் கடைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். உங்கள் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள், அதையே இரண்டு பாடியிலும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் மேனுவலில் ஒரே துளை, ஒரே வேகம், ஒரே ஐஎஸ்ஓவை நீங்களே வையுங்கள். கண்ணைப் பிடிக்கும் வசதி இரண்டிலும் இயங்குகிறதா என்று மெனுவில் பாருங்கள். பழைய பாடியில் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். மார்க் 3-க்கு நிகழ்நேரக் கண் ஃபோகஸ் 2019-இல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. படங்கள் உங்கள் கார்டிலேயே பதிவாகட்டும். ஒரு மடிக்கணினி கையில் இருந்தால் ஷட்டர் எண்ணை அங்கேயே பார்த்துவிடலாம். அப்புறம் பில். மாடல் முழுப் பெயர், பாடியின் சீரியல் நம்பர், புதியதா பழகியதா என்ற வார்த்தை, இந்த மூன்றும் பில்லில் வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். எழுதித் தர முடியாது என்று சொன்னால் பெட்டியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.