ஏற்காடு காட்டில் போடும் துணிக்கு 0.5% பெர்மெத்ரின் ஸ்பிரே: உண்ணி ஏறாமல் தடுக்குமா?

தடுக்கும், ஒழுங்காக அடித்தால். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபித் தோட்டம், புல்மேடு என்று நடப்பவர்கள் வாங்கி வைக்க வேண்டிய பூச்சிக்கொல்லி இது. 350 மி.லி. குப்பி சட்டை, பேன்ட், சாக்ஸ் கொண்ட இரண்டு செட்டுக்குத்தான் வரும். அந்த வகையில் விலை கொஞ்சம் உறைக்கும்.

துணியைக் கழற்றி, வெளியில் கொடியில் போட்டு, ஒரு சாண் தள்ளி, ஈரம் படியும்வரை இருபுறமும் அடிக்க வேண்டும். மேலோட்டமாகத் தெளிப்பதுதான் பலர் செய்யும் தவறு. உண்ணி தரைப்புல்லிலிருந்து மேலே ஏறுவதால் சாக்ஸ், பேன்ட் கீழ்மடிப்பு, ஷூ இவற்றுக்குத் தாராளமாக அடியுங்கள். நிழலில் காய 2 மணி நேரம். மலை மூடுபனியில் 4 மணி நேரம். வெயிலில் போட்டால் மருந்து சீக்கிரம் வீரியம் இழக்கும். 6 வாரம் அல்லது 6 சலவை தாங்கும்.

தோலில் அடிக்கக் கூடாது. தோலுக்கு டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டிக் களிம்பு தனி. ஈரத்துணியைப் பூனை நெருங்கவே விடாதீர்கள், அதற்கு இது விஷம். மிச்சத்தை ஓடையில் ஊற்றினால் மீன் சாகும். மாட்டு உண்ணிக்கு விற்கும் சைபர்மெத்ரினைக் கலந்து துணியில் அடிப்பது வேண்டவே வேண்டாம். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இந்த ஸ்பிரேயை நம்ப வேண்டாம். திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.