தனியாரா, போதனா வைத்தியசாலையா? ஒரு மருத்துவப் பௌதிகவியலாளரின் கணக்கு

சம்பளத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். கொழும்பில் தனியார் வைத்தியசாலை கொடுப்பதற்கு அரசாங்கச் சம்பளம் கிட்டவும் வராது. நான் தனியாரை விட்டுவிட்டு, பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டிய ஓர் அரச போதனா வைத்தியசாலைக்குப் போனபோது கைக்கு வந்தது முன்னைய சம்பளத்தில் பாதியும் இல்லை. வீட்டில் அன்றைக்கு யாரும் பாயசம் வைக்கவில்லை. ஓய்வூதியம் உண்டு என்று அம்மாவுக்குச் சொன்னேன். "உனக்கு முப்பத்திரண்டு வயதுதானே ஆகிறது" என்றார்.

போன மாதம் பேராதனையில் மருத்துவப் பௌதிகவியல் (புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சை அளந்து சரிபார்க்கும் எங்கள் துறை) முதுமாணி முடித்த ஒரு தம்பி, வெள்ளவத்தையில் தேநீர் குடிக்கும்போது, "அண்ணா, இரண்டில் எதற்குப் போகட்டும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

தனியாரில் இருந்த நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் புதியது. லீனாக், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரம், நின்றால் நிறுவனத்தின் பொறியியலாளர் அன்றைக்கே வாசலில் நிற்பார். நோயாளிகள் குறைவு என்பதால் ஒவ்வொரு சிகிச்சைத் திட்டத்தையும் நிதானமாகச் செதுக்கலாம். அரச வைத்தியசாலையில் ஒரு உதிரிப்பாகத்துக்கான கேள்விப்பத்திரம் மேசை மேசையாக நடந்து முடிவதற்குள் காத்திருப்புப் பட்டியல் நீண்டுவிடும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது இந்த வித்தியாசம் எல்லோர் கண்ணிலும் பட்டது. அனுமதிப்பத்திரம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அரசு, தனியார் என்று பார்ப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் மாறினேன்? தனியாரில் நான் தனி ஆள். இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையின் அடிப்படை எளிது. வைத்திய நிபுணர் இத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) என்று எழுதுகிறார். இயந்திரம் அதைத்தான் கொடுக்கிறதா என்று உறுதிப்படுத்துவது எங்கள் பொறுப்பு. அதற்காக நீர்த்தொட்டியில் 10 சென்டிமீற்றர் ஆழத்தில் அயனாக்க அறையை (கதிர்வீச்சை அளக்கும், உள்ளே காற்றுள்ள சிறு கருவி) வைத்து, 10க்கு 10 சென்டிமீற்றர் கதிர்ப் புலத்தில் அளந்து, உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி மாறுவதால் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் திருத்தம் போடுகிறோம். அந்த எண் பிழைத்தால் ஒரு நோயாளிக்கு மட்டும் பிழைக்காது. அன்று தொடங்கி, யாராவது கண்டுபிடிக்கும் நாள் வரை அந்தப் படுக்கையில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் பிழைக்கும். இயந்திரம் அலறாது, சிவப்பு விளக்கும் எரியாது.

1996இல் கொஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயில் நடந்தது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோபால்ட் சிகிச்சை இயந்திரத்துக்குப் புதிய கதிர்வீச்சு மூலம் போட்டு அளவீடு செய்தபோது, 0.3 நிமிடத்தை 30 விநாடி என்று எடுத்துவிட்டார்கள். 0.3 நிமிடம் என்பது 18 விநாடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும் பிழைதான். ஆனால் பக்கத்தில் இருந்து இன்னொருவர் தனியாகக் கணக்குப் போடவில்லை. 115 நோயாளிகள் தேவைக்கு அதிகமான கதிர்வீச்சைப் பெற்றார்கள்.

எனக்கு நடந்தது அவ்வளவு பெரிதில்லை. போதனா வைத்தியசாலைக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாதாந்த அளவீடு. குழாய்த் தண்ணீரை அப்போதுதான் தொட்டியில் நிரப்பியிருந்தோம். சுவரில் இருந்த வெப்பமானி 22 பாகை காட்டியது, அதைப் போட்டுக் கணக்கை முடித்தேன். இயந்திரம் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதுபோல் தெரிந்தது. சரிசெய்யப் போனேன். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவி மெதுவாகக் கேட்டார்: "சேர், போட்டது அறையின் வெப்பநிலையா, தண்ணீரின் வெப்பநிலையா?"

தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தோம். 27 பாகை. கொழும்பில் கூரைத் தொட்டியில் வெயிலில் சூடேறிய தண்ணீர் குளிரூட்டிய அறைக்கு வந்தால் வேறு எப்படி இருக்கும்? ஐந்து பாகை வித்தியாசம் கணக்கில் 1.7 சதவீதம். நான் இயந்திரத்தைத் 'திருத்தியிருந்தால்' திங்கட்கிழமையிலிருந்து எல்லோருக்கும் 1.7 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும். அதனால் யாரும் இறக்க மாட்டார்கள். ஆனால் நாங்கள் எங்களுக்கு விதித்துக்கொள்ளும் எல்லையே 2 சதவீதம்தான். ஒரே சோம்பலில் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தின்றிருப்பேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பிழைக்காக வெட்கப்பட்டேன் என்பது உண்மைதான், ஆனால் அதைவிடத் தனியாரில் இருந்த இரண்டு வருடமே மனதில் ஓடியது. அங்கேயும் சுவர் வெப்பமானியைத்தான் பார்த்தேன். தொட்டியை முதல் நாள் மாலையே நிரப்பி வைக்கும் பழக்கம் இருந்ததால் தண்ணீரும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே தப்பினேன் என்றே நம்புகிறேன். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் விஞ்ஞானம் என்று சொல்ல ஆசைதான். சனிக்கிழமை காலையில் வாளி தூக்கப் பஞ்சிப்பட்டதுதான் காரணம்.

தனியாருக்கும் வெளிக் கண்காணிப்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டு. சர்வதேச அணுசக்தி முகவரமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலில் அளவுமானிகளை அனுப்பிச் சோதிக்கின்றன. அருமையான சேவை. ஆனால் அதன் ஏற்பு எல்லை 5 சதவீதம். என் 1.7 அதில் சிரித்துக்கொண்டே தேறியிருக்கும். தபால் சோதனை பெரிய பிழையைப் பிடிக்கும். சின்னப் பிழையைப் பிடிக்கத் தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். கற்பிக்கும் இடத்தில் அப்படி நிற்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள், அதுவும் ஏன் என்று கேட்டால் புள்ளி கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் இயந்திரம் நோயாளிகளுக்கு. அளவீடு இரவிலோ வார இறுதியிலோதான். விரிவுரை, விடைத்தாள், ஆய்வறிக்கைத் திருத்தம் என்று வாரத்தில் இரண்டு நாள் கரைகிறது. 'ஆராய்ச்சி செய்யலாம்' என்ற ஆசையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என் கணினியில் பாதி எழுதிய கட்டுரைகள் மூன்று இருக்கின்றன, மூன்றுக்கும் வயதாகிறது. மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் தமிழ் நோயாளிக்கு, சிகிச்சையின்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி வார்க்கும்போது அசையாமல் படுங்கள் என்று சொல்லவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது வேலைப் பட்டியலில் இல்லை, ஆனால் அதில் எனக்குக் குறையில்லை.

இடமாற்றம் பற்றிய பயம் சிலருக்கு. எங்கள் வீட்டில் அது பயமே இல்லை. 2011இல் மக்கள் நடைபயணம் போய்ப் பணம் சேர்த்துக் கட்டிய தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு என்னை அனுப்பமாட்டார்களா என்று அம்மா நல்லூரில் நேர்த்தியே வைத்திருக்கிறார்.

மூன்றாவது வழியாக வெளிநாடு. என்னோடு படித்தவர்களில் பலர் போய்விட்டார்கள். நான் போகாதவன், அதைத் தராசில் வைக்க எனக்குத் தகுதியில்லை. இன்னொன்று, நான் இருந்தது ஒரே ஒரு தனியார் வைத்தியசாலை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் தனியார் இடம் கிடைத்தால் என் வாதத்தின் பாதி அங்கேயே விழுந்துவிடும். அந்தத் தம்பியிடமும் நேர்முகத் தேர்வில் சம்பளத்துக்கு முன் இதைக் கேள் என்றேன்: "என் கணக்கை இங்கே யார் திரும்பப் போட்டுப் பார்ப்பார்?"

அவன் கேட்டானாம். "நீங்கள்தான்" என்றார்களாம். சம்பளம் நல்லது, தங்கைக்குக் கல்யாணம் வேறு, சேர்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல நான் யார்? இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அழைத்து எண்களை மட்டும் வாசிப்பான், விடையைச் சொல்லமாட்டான். நான் இங்கே தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். போன தடவை இருவர் விடையும் ஒன்றுதான். ஆனால் அவன் வாசித்த அமுக்கம், இரத்மலானை விமான நிலைய வானிலை அறிக்கையில் அதே மணிக்கு இருந்ததைவிட 4 ஹெக்டோபாஸ்கல் குறைவு. கணக்கில் அது 0.4 சதவீதம். அமுக்கமானி எத்தனை வருடம் பழையது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.