அடிக்கடி துண்டிக்கப்படும் ஹார்ட் டிஸ்க்: கேபிளா, ஹப்பா, கேசிங்கா, எஸ்எஸ்டியா?

குளச்சலில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கிகள் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. ஆடிக் காற்று வீசிய ஒரு வாரத்தில், சித்தி மகளின் கல்யாண வீடியோவைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது என் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பிலிருந்து கழன்றுகொண்டே இருந்தது. "வீடியோ எப்போது கிடைக்கும் மக்களே?" என்று சித்தி தினமும் கேட்டார். அந்த நாட்களில் ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், டிஸ்க் தென்படும் இடைவெளிகளில் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் விண்டோஸில் டிஸ்கின் பிழைகளைத் தேடும் 'செக் டிஸ்க்' நிரலை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை அது மணிக்கணக்கில் படிக்க வைத்து இன்னும் நோகடிக்கும்.

வெளியூர்க்காரர்கள் பலர் முதலில் சொல்வது, தனி அடாப்டருடன் வரும் பவர் ஹப், அதாவது ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கித் தரும் பெட்டி, வாங்குங்கள் என்பதுதான். காரணம் சரியானதே. யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஓர் ஆம்பியரைத் தொடுவதும் உண்டு. மின்சாரம் போதாமல் போனால் டிஸ்க் 'டிக்' என்று ஒலித்து, நின்று, மறுபடி சுழலும். செருகியவுடனோ பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியவுடனோ விழும் டிஸ்குக்கு ஹப் நல்ல மருந்து.

ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு ஒரு குறை இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்குண்டு; தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே மின்சாரம் போய்விடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஹப்பின் அடாப்டருக்கு இல்லை. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பொழுதில், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் அறுந்துபோகலாம். ஒரு துண்டிப்பைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். யுபிஎஸ் இருக்கிற வீட்டுக்குத்தான் ஹப்பைச் சொல்வேன். மூன்றரை அங்குல மேசை டிஸ்க் என்றால் ஹப் வீண் செலவு. அது 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. சந்தேகப்பட வேண்டியது அந்த அடாப்டரைத்தான்.

என் வாக்கு கேபிளுக்கு. கைபேசி விளக்கைப் பிடித்து என் கேபிளின் முனையைப் பார்த்தேன். உலோக உறையின் விளிம்பில் செம்பழுப்புத் துரு, உள்ளே ஓரத்துத் தகடு ஒன்றில் பச்சைக் களிம்பு. டிஸ்க் பக்கம் செருகும் அகலமான முனை இரண்டு பகுதிகளாக இருக்கும். உள்ளே இருக்கும் பத்துத் தொடர்புத் தகடுகளில் ஐந்து பழைய யூஎஸ்பிக்கு, ஐந்து 3.0 வேகத்துக்கு. இதில் ஒரு இலவசச் சோதனை ஒளிந்திருக்கிறது. பழைய கைபேசியின் மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள் டிஸ்க் துளையின் பெரிய பாதியில் அப்படியே பொருந்தும். அதில் செருகியபோது என் டிஸ்க் நொடிக்கு முப்பது சொச்சம் மெகாபைட் என்று நத்தையாக ஓடியது, ஆனால் ஒரு மணி நேரம் விழவில்லை. அப்படியானால் டிஸ்கின் உள்ளுறுப்பைவிட, கேபிளையோ 3.0 வேகத்துக்கான அந்த ஐந்து தகடுகளையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாகர்கோவிலில் சில நூறு ரூபாய்க்கு அரையடிக் கேபிள் வாங்கினேன். நீளமான, மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கும் என்பதால் குட்டைதான் நல்லது. டிஸ்கின் துளையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினேன்.

சும்மா இருக்கும்போது மட்டும் டிஸ்க் காணாமல் போகிறது என்றால் பணமே செலவழிக்க வேண்டாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்'பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை நிறுத்தலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

கேசிங், அதாவது டிஸ்கையும் அதை யூஎஸ்பியோடு இணைக்கும் பலகையையும் தாங்கும் வெளிக்கூடு, மாற்றுவதற்கு முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள். பழுதான இடங்களைக் கணக்கிடும் 05, சி5 ஆகியவற்றின் மூல எண்ணிக்கை (Raw Values) பூஜ்யத்தைவிட்டு ஏறிக்கொண்டே போனால் வட்டே தேய்கிறது. கேசிங் மாற்றுவது பிணத்துக்குப் புதுச்சட்டை. அவை இரண்டும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால், டிஸ்குக்கும் கேசிங் பலகைக்கும் நடுவே தகவல் பிசகுகிறது. அப்போது புதுக் கேசிங் உயிர் கொடுக்கும். திறக்கும் முன் இன்னொன்று: சில சிறிய டிஸ்குகளில் யூஎஸ்பி துளை டிஸ்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. சிலவற்றில் கேசிங் பலகையே தகவலைப் பூட்டி எழுதுகிறது. வேறு கேசிங்கில் போட்டால் ஒன்றும் படிக்க வராது. திறந்தால் உத்தரவாதமும் போகும்.

எஸ்எஸ்டி? குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ்ஸில் பையோடு அலைகிறவர்களுக்கு, சுழலும் வட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மின்சாரமும் பொதுவாகக் குறைவாகவே கேட்கும். ஆனால் உப்புக்காற்று அதன் துளையையும் விடாது. தொகுக்கும் வேலைக்கு எஸ்எஸ்டி, ஆண்டுக்கணக்கில் வைத்துக்காக்க ஹார்ட் டிஸ்க், அதுவும் இரண்டு நகல் என்று பிரித்துக்கொண்டேன். மின்சாரமே காட்டாமல் பல ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்த எஸ்எஸ்டியில் தகவல் மங்கிப்போகலாம்.

கேபிள் மாற்றிய அன்று இரவே சித்தியின் வீடியோ முடிந்தது. டிஸ்க் இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் இருக்கிறது. பழைய கேபிளை நடுவில் வெட்டித்தான் குப்பையில் போட்டேன். முழுசாகக் கிடந்தால் வீட்டில் யாராவது எடுத்து மறுபடியும் செருகிவிடுவார்கள்.