55 அங்குலம், 3,500 ரிங்கிட்: செய்திக்கும் பிளேஸ்டேஷனுக்கும் ஒரே தொலைக்காட்சி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடம் மேற்குப் பார்த்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே வரும் வெயில், சூரியன் கொடிமலைக்குப் பின்னால் இறங்கும்வரை வெளியேறுவதில்லை. அந்த வெளிச்சத்தில்தான் அத்தை டிவி2 தமிழ்ச் செய்தியும் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியில் நாடகங்களும் பார்க்கிறார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் படம் பார்க்கிறோம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரமெல்லாம் மகனுடைய பிளேஸ்டேஷன் 5க்கு உரியது. 3,500 ரிங்கிட்டுக்குள் 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்குவதென்று முடிவானபோது, இந்த மூன்று தேவைகளும் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பது கடைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலமும் 68 சென்டிமீட்டர் உயரமும் உடையது. மூலைவிட்ட நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் அமர்ந்து பார்ப்பது வசதி என்பது பரவலான கணக்கு. எங்கள் சோபாவிலிருந்து சுவர் இரண்டேகால் மீட்டர் என்பதால் இந்த அளவு பொருந்தியது. மேசையில் வைப்பவர்கள் திரையின் அகலத்தைவிடக் கால்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்வது நல்லது. இப்போது வரும் பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருப்பதால் பழைய மேசை போதாமல் போகிறது.

நான் பட்டியலிட்டவை பெரும்பாலும் 2024ஆம் ஆண்டு மாடல்கள். அடுத்த ஆண்டு மாடல் வந்தவுடன் முந்தைய ஆண்டின் சரக்கு விலை இறங்கும் என்பதே அதற்குக் காரணம். மினி எல்இடி பின்னொளி (திரைக்குப் பின்னே பரப்பிய மிகச் சிறிய விளக்குகள்) கொண்ட டிசிஎல் சி755, அதே வகையைச் சேர்ந்த ஹைசென்ஸ் யு7என், சாம்சங் க்யூ60டி, எல்ஜியின் க்யூநெட் வரிசை, சோனி பிராவியா 3 ஆகியவற்றோடு, பணத்தை மீறினாலும் பார்த்துவிடுவோமே என்ற சபலத்தில் எல்ஜி பி4 ஓலெடையும் சேர்த்துக்கொண்டேன்.

கேம் விளையாடும் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது, பேனல் உண்மையில் விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான். 60 ஹெர்ட்ஸ் பேனலில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும். 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லி விநாடி மட்டுமே. பந்தை உதைக்கும் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கால் அசைவதற்கும் உள்ள இடைவெளியில் இந்த வித்தியாசம் தெரியும் என்று மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. விளையாடிப் பார்த்த பிறகு நம்பினேன். படம் பார்ப்பவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. திரைப்படங்கள் விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகின்றன. 120ஐ 24ஆல் வகுத்தால் மீதியின்றி ஐந்து வரும், 60ஐ வகுத்தால் வராது. ஆகவே 60 ஹெர்ட்ஸில் ஓடும் திரை ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்ட நேர்கிறது. கேமரா மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பும் காட்சிகளில் கோபுரமும் தென்னை மரங்களும் சற்றே திக்கித் திக்கி நகர்வது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 60 ஹெர்ட்ஸ் பேனலில் செங்குத்துத் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்து 120 ஹெர்ட்ஸ் ஓட்டும் ஓர் உத்தி மலிவான மாடல்களில் புழங்குகிறது. விளம்பரத்தில் அதற்குக் கம்பீரமான பெயர்கள் உண்டு. கொம்தார் பக்கம் ஒரு கடைக்கு மகனின் பிளேஸ்டேஷனைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். கடைப் பையன் சிரித்தாலும் மறுக்கவில்லை. 120 என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு தொலைக்காட்சியில் அதை இணைத்து, அமைப்புகளுக்குள் போய், வீடியோ வெளியீடு பற்றிய பக்கத்தைத் திறந்தோம். 1920 பெருக்கல் 1080 என்ற வரிக்கு எதிரே 120 இருந்தது. 3840 பெருக்கல் 2160 என்ற வரிக்கு எதிரே 60 மட்டுமே இருந்தது. "அண்ணே, பெட்டியில 120னுதானே போட்டிருக்கு" என்றான் பையன், என்னைவிட அவனுக்கே ஏமாற்றம் அதிகம்போல. அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிளேஸ்டேஷனைச் சுமந்து போக முடியாதவர்கள், முழு 4கே துல்லியத்தில் 120 உண்டா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம்.

இந்தக் கேள்வியிலேயே பட்டியல் பாதியாகிவிட்டது. சாம்சங் க்யூ60டியும் சோனி பிராவியா 3உம் 60 ஹெர்ட்ஸ் பேனல் கொண்டவை. சோனியில் அசைவுகளும் தோலின் நிறமும் இயல்பாகத் தெரிகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேம் விளையாடாத வீடாக இருந்தால் அதோடு நின்றிருப்பேன். எல்ஜியின் க்யூநெட் என்ற ஒரே பெயரின்கீழ் 60 ஹெர்ட்ஸும் உண்டு, 120 ஹெர்ட்ஸும் உண்டு என்பதால், வரிசைப் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். டிசிஎல் சி755உம் ஹைசென்ஸ் யு7என்னும் 144 ஹெர்ட்ஸ் வரை போகின்றன. ஆனால் பிளேஸ்டேஷன் 5 அனுப்புவது அதிகபட்சம் 120தான்; மேலே இருக்கும் 24 கணினியை இணைப்பவருக்கே பயன்படும்.

பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளை இணைக்கும் துளையின் தரத்தைக் குறிக்கும் எச்டிஎம்ஐ 2.1 என்ற சொல்லும் இதே வகைக் குழப்பத்தைத் தருவது. 2017இல் வெளிவந்த அந்தத் தரம் விநாடிக்கு 48 கிகாபிட் வரை கடத்தக்கூடியது. அதற்கு முந்தைய 2.0 தரத்தின் எல்லை 18 கிகாபிட். ஆனால் 2.1இன் வசதிகளில் பெரும்பாலானவை கட்டாயமல்ல என்பதால், அந்த எண்ணை ஒட்டிக்கொண்டு 18 கிகாபிட்டிலேயே நிற்கும் துளைகளும் சந்தையில் உண்டு. இந்த விலையில் கிடைக்கும் பல தொலைக்காட்சிகளில் நான்கு துளைகள் இருந்தாலும் முழு வேகம் தருபவை இரண்டுதான். ஹைசென்ஸ் யு7என்னில் அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஆர்க் துளையாகவும் இருப்பதால், சவுண்ட்பார் வைத்திருப்பவருக்கு கேமுக்கென்று ஒன்றே மிஞ்சும். ஆஸ்ட்ரோ பெட்டி சாதாரணத் துளையில் நிம்மதியாக ஓடும் என்பதால் எங்கள் வீட்டுக்கு இது குறையாகப் படவில்லை. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள், நான்கு துளைகளும் முழு வேகத்தில் இயங்கும் எல்ஜி பி4 பக்கம் சாய்வது நியாயம்தான்.

காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் பற்றிக் கடைகளில் நடக்கும் வாதம் எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தோன்றுகிறது. சாம்சங் எந்த மாடலிலும் அதைத் தருவதில்லை, அதற்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் எச்டிஆர்10+ தருகிறது. டிசிஎல்லும் ஹைசென்ஸும் இரண்டையும் தருகின்றன. பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு டால்பி விஷனையே பயன்படுத்துவதில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பயன்படுத்துகிறது. எந்த முத்திரை ஒட்டியிருந்தாலும், பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி இல்லாத திரையில் அதன் பலன் சொற்பம். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த க்யூ60டியில் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்தாற்போல் தெரிந்ததும், மினி எல்இடி திரைகளில் அதே காட்சி இருட்டாகவே இருந்ததும் கடையின் பளிச்சென்ற வெளிச்சத்திலேயே புலப்பட்டன.

நான் அதிக நேரம் தடுமாறியது ஓலெட் விஷயத்தில். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதாலும், தேவையில்லாதபோது முற்றிலும் அணைந்துவிடுவதாலும், இருட்டு அறையில் எல்ஜி பி4 காட்டும் கறுப்புக்கு மற்ற எதுவும் ஈடாகாது. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறுவதில்லை. பிக்சல்கள் நிறம் மாறும் வேகம் அதிகம் என்பதால் கேமில் ஓடும் உருவங்களின் பின்னால் வால்போல இழுபடும் மங்கலும் இல்லை. கண்ணை மட்டும் கேட்டிருந்தால் அன்றே தவணைப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பேன்.

தடுத்தது எங்கள் வீட்டுப் பழக்கம். தமிழ் அலைவரிசை எதை வைத்தாலும் திரையின் ஒரு மூலையில் சின்னம் அசையாமல் நிற்கிறது. செய்தி என்றால் அடியில் ஒரு பட்டையும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அத்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ஒரே அலைவரிசையில் இருப்பவர். கால்பந்து கேமில் கோல் எண்ணிக்கையும் எப்போதும் ஒரே இடத்தில்தான். ஓலெட் திரையில் இப்படி நிலையாக ஒளிரும் பகுதி நாளடைவில் தழும்புபோலப் படியக்கூடும். பிக்சல்களை நகர்த்துவது, சின்னத்தின் ஒளியைக் குறைப்பது போன்ற பாதுகாப்புகள் இப்போதைய மாடல்களில் இருப்பதால் பலதரப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்க்கும் வீட்டில் இது பெரிய அச்சம் இல்லை. எங்கள் வீடு அப்படிப்பட்டதல்ல. பிற்பகல் வெயிலில் மினி எல்இடியின் கூடுதல் வெளிச்சமும் அந்தப் பக்கமே தராசைச் சாய்த்தது.

மினி எல்இடி என்று முடிவு செய்தபின் அத்தையின் பிரம்பு நாற்காலி குறுக்கே வந்தது. அது சன்னலோரம், திரைக்கு வெகுவாகப் பக்கவாட்டில் இருக்கிறது. டிசிஎல், ஹைசென்ஸ் இரண்டின் 55 அங்குல மாடல்களும் விஏ வகைப் பேனல் கொண்டவை. அவை நேரே பார்க்கும்போது ஆழமான கறுப்பைத் தந்தாலும், ஓரமாக நகர நகர நிறம் வெளுக்கும். எல்ஜியின் க்யூநெட்டில் பல மாடல்களில் வரும் ஐபிஎஸ் வகை இதற்கு நேர்மாறு: எங்கிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், இரவில் கறுப்பு சாம்பலாகும். கடையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் கூடத்தில் அத்தை அமரும் கோணத்தை உத்தேசமாக அமைத்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் அரக்குச் சேலை அந்தக் கோணத்தில் செங்கல் நிறமாக மாறியது; எழுத்துகளைப் படிப்பதில் சிரமமில்லை. அத்தையிடம் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டியபோது, "சேல நெறத்தப் பாக்கவா நியூஸ் பாக்குறேன்?" என்று முடித்துவிட்டார்.

மிஞ்சியவை இரண்டு. படத் தரத்தில் சி755க்கும் யு7என்னுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்துத் தேடினால்தான் காண முடிகிறது. இரண்டிலும் விஆர்ஆர் உண்டு. அதாவது கேமின் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் கிழிந்தாற்போல் தெரியாது. பிளேஸ்டேஷன் 5 இந்த வசதியை 2022 ஏப்ரல் முதல் தருகிறது, 48 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேலை செய்கிறது. ஆக, தீர்மானிக்க வேண்டியிருந்தது உள்ளே இயங்கும் மென்பொருள்தான். ஹைசென்ஸில் விடா (VIDAA) என்ற மென்பொருள் இயங்குகிறது. திறப்பதற்கு எளிது, சுறுசுறுப்பானது, முகப்பில் சந்தடி குறைவு. டிசிஎல்லில் இருப்பது கூகுள் டிவி. முகப்பு முழுக்கப் பரிந்துரைகள் நெரிந்தாலும், செயலிகள் கிடைப்பதில் அதற்கு இணை இல்லை. நெட்பிளிக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். தமிழ் வீட்டில் சன் நெக்ஸ்ட் போன்றவையும் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் கடையில் இருக்கும் காட்சிப் பெட்டியிலேயே நமக்கு வேண்டிய செயலியைத் தேடி, திறந்தும் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக டிசிஎல்லை எடுத்தேன். ஆஸ்ட்ரோவும் யூடியூபும் மட்டும் போதும் என்பவர்கள் ஹைசென்ஸை எடுத்தால் இழப்பது எதுவும் இல்லை.

இலவச அலைவரிசைகளைப் பற்றி ஒரு வரி: 2019இல் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதால், டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம் குறிப்பிட்டிருக்கும் தொலைக்காட்சியை வாங்கினால் தனிப் பெட்டி இல்லாமலே ஆண்டெனா மூலம் மைஃப்ரீவியூ என்ற இலவசச் சேவை கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்த மலிவான மாடல்களில் இதைச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த அன்று மாலை மகன் முகம் வாடிப்போனான், 120 வரவில்லை என்று. பல தொலைக்காட்சிகளில் எச்டிஎம்ஐ துளைகள் முதலில் குறைந்த வேக அமைப்பிலேயே வருகின்றன. அமைப்புகளில் அந்தத் துளைக்குரிய சிக்னல் வகையை நாமே உயர்த்த வேண்டும், பிளேஸ்டேஷனோடு வந்த கேபிளையோ அதே வேகம் தாங்கும் வேறொன்றையோ பயன்படுத்தவும் வேண்டும். அவன் பழைய பெட்டியிலிருந்து உருவிய கேபிளைச் செருகியிருந்தான். கேபிளையும் அமைப்பையும் மாற்றியவுடன் எண் வந்தது. அத்தையின் நாற்காலியை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டேன். மறுநாள் காலையில் அது சன்னலோரம் பழைய இடத்திலேயே இருந்தது.