சந்தனமா, மயில்கழுத்தா?

மாடி அறைக்கு அம்மா கேட்டது சந்தன நிறம். நான் கேட்டது மயில்கழுத்து நீலம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேற்கே ஒரே ஜன்னல். ஷேடு கார்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? இரண்டிலும் 200 மில்லி டின் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ரெண்டடிக்கு ரெண்டடி அடித்து மூன்று நாள் விட்டேன்.

சந்தனம் பகலில் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. இரவில் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டைப் போட்டதும் காய்ச்சலில் கிடந்த முகம் மாதிரி வெளிறிப்போனது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பு மாட்டினேன், தேறிவிட்டது. பாதிக் குற்றம் விளக்கினுடையதுதான்.

நீலம் காய்ந்தபின் இன்னும் ஒரு படி கறுத்தது. காலையில் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆனால் மாலை நாலரைக்கு மேற்கு வெயில் சாய்வாக விழும்போது அதற்குள்ளிருந்து ஒரு பச்சை எட்டிப்பார்க்கும். அம்மாவே டீ டம்ளரோடு நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே போனார். சரி, ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். எதிர்ச்சுவர் நீலம், மற்ற மூன்றும் சந்தனம்.

செலவு வைத்தது நீலம்தான். சந்தனம் இரண்டு கோட்டில் முடிந்தது. நீலத்தில் இரண்டாவது கோட்டுக்குப் பிறகும் பட்டி பார்த்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. "டார்க் ஷேடு குடிக்கும் தம்பி" என்றார் பெயிண்டர் அண்ணன். அடர் நிறம் கலக்கும் பேஸில், அதாவது சாயம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்டில், டைட்டானியம் டையாக்சைடு குறைவு. அடியில் இருப்பதை மறைக்கிற வெள்ளை அதுதான். மூன்றாவது கோட்டுக்கு ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கினால், அதே கடை, அதே நம்பர், நிறம் மட்டும் ஒரு நூல் தள்ளி நிற்கிறது. பழையதையும் புதியதையும் ஒரே வாளியில் கலக்கி முழுச் சுவரையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. முதலிலேயே மொத்தமாக வாங்கியிருக்கலாம்.

அப்புறம் பராமரிப்பு. சந்தனச் சுவரில் அம்மா தலை சாய்க்கும் இடத்தில் தேங்காயெண்ணெய் வட்டம் விழுந்துவிட்டது. நீலத்தில் நகம் பட்டாலே வெள்ளைக் கோடு, நாற்காலி முதுகு உரசினால் கேட்கவே வேண்டாம். மிஞ்சிய அரை லிட்டரை மூடி தட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். நாலு மாதத்தில் இரண்டு முறை இறக்கியாயிற்று.