ஆறு ஆண்டுகளாக உழைக்கும் காம்போனென்ட் டெஸ்டர்

டிரான்சிஸ்டர், கெபாசிட்டர் போன்ற மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் இந்த டெஸ்டரை 2019 பொங்கல் விடுமுறையில் கட்டி முடித்தேன். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஃப்ரெயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்தெடுத்த வடிவமைப்பு இது. சுற்றுப்படமும் மென்பொருளும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். மூளையாக ஏடிமெகா328 சிப், இரண்டு வரி எல்சிடி திரை, மூன்று கிளிப் வயர்கள், 9 வோல்ட் பேட்டரி. எல்லாமே சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்தன.

டிரான்சிஸ்டரை எந்தக் கால் எதுவென்று பார்க்காமலே மாட்டலாம். சிப் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒன்றாக உள்ள 680 ஓம், 470 கிலோ ஓம் மின்தடைகள் வழியே காலுக்குக் கால் மாற்றிச் சோதித்து, பேஸ் எது, எமிட்டர் எது என்று சொல்லிவிடும். எழுத்தழிந்த டிரான்சிஸ்டர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒரே மாலையில் தரம் பிரித்துவிட்டேன்.

ஆனால் நான் இதைக் கொண்டாடுவது ஈஎஸ்ஆர், அதாவது கெபாசிட்டரின் உள்தடையை அளப்பதற்காகத்தான். பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ் இரவு அணைத்தால் காலையில் எழாது. ஹேர் டிரையரால் சூடு காட்டினால் எழும். பவர் சப்ளையில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் உப்பவில்லை, மல்டிமீட்டரில் 890 காட்டியது. குறை சொல்ல முடியாத எண். டெஸ்டரில் மாட்டினேன்: ஈஎஸ்ஆர் 2.9 ஓம். புதியதில் 0.06. உள்ளே திரவம் காய்ந்தால் உள்தடை ஏறும், சூட்டில் சற்று இறங்கும். காலையில் பெட்டி எழாததன் காரணம் அதுதான். மாற்றிய பிறகு பெட்டி இன்றுவரை ஓடுகிறது.

மூன்றாம் ஆண்டில் ஓர் இழப்பு. 400 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றில் மின்னேற்றம் இறங்கிவிட்டது என்று நம்பி மாட்டினேன். 'டப்' என்றது, அதன்பின் திரையில் கறுப்புக் கட்டங்கள் மட்டுமே. சிப்பை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் வைத்திருந்ததால் புதியதில் மென்பொருளை ஏற்றிச் செருக முடிந்தது. இப்போதெல்லாம் 60 வாட் குண்டு பல்பு வழியே இறக்கி, மல்டிமீட்டரில் சுழியம் பார்த்த பிறகே மாட்டுகிறேன். கட்டுபவர்கள் சாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். அந்த ஆறு மின்தடைகளும் 1 சதவீதத் துல்லியத்தில் இருக்கட்டும். அளவின் நம்பகம் அவற்றில்தான் இருக்கிறது.

5 வோல்ட்டில் இயங்குவதால் அதைவிட அதிக வோல்ட் ஜீனர் டயோடுகளை இது அறியாது. போர்டில் இருக்கும்போதே அளந்தால் எண்ணை நம்ப முடியாது; ஒரு காலையாவது கழற்ற வேண்டும்.

இப்போது பச்சை கிளிப்பின் வயர் அடியில் இற்றுப்போயிருக்கிறது, அசைத்தால் 0.2 ஓம் கூடுதலாகக் காட்டுகிறது. இந்த ஞாயிறு மூன்று வயர்களையும் மாற்றி, மூன்று கிளிப்புகளையும் ஒன்றாகக் கவ்வவிட்டுச் சுயசோதனையை மறுபடி ஓட்ட வேண்டும்.