புது வைஃபை கார்டு என்று காசு வாங்கிவிட்டு, பழைய கார்டையே மாட்டிக் கொடுத்த கடை: டர்பன்வாசிகள் கவனிக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய லேப்டாப்புக்கு வைஃபை கார்டு மாற்றக் கொடுக்கப்போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நகரத்துக்குள், கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடை. அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிறது, ஆனாலும் வாயில் கிரே ஸ்ட்ரீட்தான் வருகிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. 1,450 ரேண்ட் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பில் எதையும் மாற்றாமல், நன்றாக இருந்த ஆன்டெனா ஒயர் ஒன்றையும் கெடுத்துத் திருப்பித் தந்தார்கள்.

லேப்டாப், லெனோவாவின் திங்க்பேட் டி430. 2012 மாடல். கீபோர்டு இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, விட மனசில்லை. வார இறுதியில் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு எடுப்பது இதில்தான். நான் இருப்பது சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில். ரௌட்டர் முன் ஹாலில் இருக்கிறது. நடுவில் சிமெண்ட் பிளாக் சுவர்கள், இரும்பு கிரில் கதவு, ஒரு பிரிட்ஜ். "சார், பாதி பாட்டு கேக்கல" என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஆத்திசூடியை வரிக்கு இரண்டு முறை சொல்லவேண்டியதாயிற்று.

சிக்கல் எங்கே என்பது எனக்கு ஓரளவு தெரியும். இந்த லேப்டாப்போடு வந்தது இன்டெல் சென்ட்ரினோ வயர்லெஸ்-என் 2200 என்ற கார்டு. அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அந்த அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் முண்டியடிக்கின்றன. அதே அறையில் என் போன் 5 கிகாஹெர்ட்ஸில் சொகமாக ஓடுகிறது. சுவர் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் மட்டம்தான். ஆனாலும் போனுக்கு எட்டுகிறது என்றால், மூடியைச் சுற்றி ஆன்டெனா ஓடும் லேப்டாப்புக்கும் எட்டவேண்டும். ஆகவே இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற கார்டு வேண்டும் என்று கேட்டுப் போனேன்.

கடைக்காரர் நம்ம ஆள். வாசலில் முருகன் படம், உள்ளே நுழைந்ததும் "வணக்கம்". அதற்கு அப்புறம் எல்லாம் ஆங்கிலம். முதலில் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கார்ட்பஸ் கார்டை எடுத்து, "இதைப் பக்கவாட்டு ஓட்டையில் செருகினால் போதும்" என்றார். அந்தக் கார்டு 54 மில்லிமீட்டர் அகலம். டி430-இல் இருப்பது 34 மில்லிமீட்டர் எக்ஸ்பிரஸ்கார்டு ஓட்டை. அகலமும் வேறு, உள்ளே இருக்கும் இணைப்பும் வேறு. இதை நான் சொன்னதும் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டு, "சரி, உள்ளேயே இன்டெல் 7260 போட்டுவிடலாம். 867 எம்பிபிஎஸ். கார்டு 1,000, கூலி 450" என்றார். ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதுதான் இன்று கையில் இருக்கும் பிடி.

லேப்டாப் திரும்பி வந்தது. ஆன் செய்தால் சிக்னல் முன்பைவிட மோசம். முன்பு மூன்று கோடு வந்த இடத்தில் இப்போது ஒன்று. நெட்வொர்க் பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. உள்ளே என்னென்ன பாகம் இருக்கிறது என்று விண்டோஸ் பட்டியல் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அங்கே அதே சென்ட்ரினோ 2200.

போன் செய்தேன். "டிரைவர் அப்டேட் ஆகவில்லை, அதனால் பழைய பெயரைக் காட்டுகிறது" என்றார். இந்தப் பதிலை எங்கே கேட்டாலும் நம்பாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்று ஒன்று இருக்கும். அது டிரைவர் சொல்லும் பெயர் அல்ல, கார்டே தன்னைப் பற்றிச் சொல்லும் எண். டிரைவரை அழித்தாலும் மாறாது.

என்னிடம் அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருந்தது. பிரிண்டர் தொல்லைக்காக ரௌட்டரில் இந்த லேப்டாப்புக்கு என்று ஒரு நிரந்தர முகவரி ஒதுக்கி வைத்திருந்தேன். ரௌட்டர் அதைக் கொடுப்பது கார்டின் மேக் எண்ணைப் பார்த்து. மேக் எண் தொழிற்சாலையிலேயே கார்டில் பதிவாகி வருவது. ஒரு கார்டுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. கார்டு மாறியிருந்தால் ரௌட்டர் இதை யாரோ புது ஆள் என்று நினைத்து வேறு முகவரி கொடுத்திருக்கும். கொடுத்ததோ பழைய முகவரி. மேக் எண்ணின் பன்னிரண்டு இலக்கமும் எழுத்துக்கு எழுத்து அதேதான். லேப்டாப்பைக் கடையில் விடுவதற்கு முன் மேக் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. எந்தக் கடைக்காரராலும் இதற்குக் கதை கட்ட முடியாது.

டி430-இல் வைஃபை கார்டைப் பார்க்க கீபோர்டையும் கை வைக்கும் மேல்தட்டையும் கழற்றவேண்டும். பொறுமையாகக் கழற்றினேன். கார்டு அதேதான், ஓரத்தில் இத்தனை வருடத் தூசி கலையாமல் இருக்கிறது. சாம்பல் நிற ஆன்டெனா ஒயர் மாட்டியிருந்தது. கறுப்பு ஒயர் மாட்டவில்லை. அதன் நுனியில் இருக்கும் தங்க நிற வளையம் ஒரு பக்கம் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. மேலே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றி, கார்டுக்குக் கீழே மடக்கிச் செருகியிருந்தார்கள். மாட்டத் தெரியாமல் விட்டால் தொங்கும்; டேப் சுற்றி ஒளித்தால் அதற்குப் பெயர் வேறு. இந்த யு.எஃப்.எல் இணைப்பு அரிசி மணி அளவுகூட இருக்காது, செய்தவர்களே முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். நேராக மேலே தூக்காமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் இப்படித்தான் ஆகும். இரண்டு ஆன்டெனாவை நம்பி வேலை செய்யும் கார்டுக்கு ஒன்றை எடுத்துவிட்டால் சிக்னல் எப்படி இருக்கும்?

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது அப்போதே புரிந்துவிட்டது. டி430 வந்த காலத்துத் திங்க்பேட்களின் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் நிரலில், எந்தெந்த வைஃபை கார்டுகளை ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் விண்டோஸுக்கே போகாது. 1802 என்ற எண்ணோடு 'அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு' என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். எச்பி லேப்டாப்கள் சிலவற்றிலும் இதே கதை, அங்கே எண் 104. இன்டெல் 7260, டி430-இன் பட்டியலில் கிடையாது. போட்டுப் பார்த்திருக்கிறார்கள், 1802 வந்திருக்கிறது, பழையதையே திருப்பி மாட்டிவிட்டு முழுக் காசையும் வாங்கிவிட்டார்கள்.

நேரில் போனபோது கடைக்காரர் வாயாலேயே அது வந்துவிட்டது. "அந்தக் கார்டை உங்கள் மெஷின் ஏற்கவில்லை, அது எங்கள் தப்பா?" என்றார். அப்படியானால் கார்டுக்கு 1,000 ரேண்ட் எதற்கு என்றால், திடீரென்று அது "டயக்னாஸ்டிக் சார்ஜ்" ஆகிவிட்டது. பேச்சு சூடாகும்போது ஷெல்ஃபிலிருந்து ஒரு யுஎஸ்பி அடாப்டரை எடுத்து, "350 கொடுங்கள் போதும், இதுதான் உங்களுக்குச் சரி" என்று நீட்டினார். டப்பாவில் 1,300 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்து, கட்டைவிரல் பருமனில் இரண்டு ஆன்டெனா. செருகிக் காட்டச் சொன்னேன். 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் ஒன்றும் வரவில்லை. ஹார்டுவேர் ஐடியில் 0பிடிஏ, 8179 என்று இருந்தது. அது ரியல்டெக் 8188 வகை: 2.4 மட்டும், உச்சம் 150 எம்பிபிஎஸ், ஒரே ஒரு ஆன்டெனாவுக்கு வேலை தரும் சிப். இரண்டாவது ஆன்டெனா பார்வைக்கு. இந்த நாட்டில் ரேடியோ அலை அனுப்பும் எந்தக் கருவியை விற்றாலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் அனுமதி எண் வேண்டும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்த முத்திரை இல்லை. கண்ணாடி அலமாரியில் அந்த டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பார்த்தால் வாங்கிவிடாதீர்கள்.

அங்கேதான் சட்டத்தை எடுத்தேன். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண், 2011-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் 67-ஆம் பிரிவை நம்மில் பலருக்குத் தெரியாது. ரிப்பேரின்போது கழற்றிய பாகத்தைத் தனியாக எடுத்து வைத்து, சுத்தமான ஒரு பையிலோ டப்பாவிலோ போட்டு வாடிக்கையாளரிடம் திருப்பித் தரவேண்டும். வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் தராமல் இருக்கலாம். "கழற்றிய என் பழைய கார்டைக் கொடுங்கள்" என்றேன். எங்கிருந்து கொடுப்பார்? அது என் லேப்டாப்பில் அல்லவா இருக்கிறது. ரிப்பேரில் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாதம் உத்தரவாதம் என்பது 57-ஆம் பிரிவு. 'ரிப்பேருக்கு உத்தரவாதம் கிடையாது' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் அது செல்லாது. அதையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் தன் லேப்டாப் பையை மெதுவாகத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நகர்ந்ததைக் கடைக்காரரும் பார்த்தார். கார்டுக்கான 1,000 ரேண்ட் அங்கேயே கைக்கு வந்தது. கூலி 450 வரவில்லை. ஒயர் நசுங்கியதை, "நீங்களே கழற்றியிருக்கிறீர்கள், நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்று விட்டுவிட்டார். திறக்கும்போதே எடுத்த வீடியோவில் டேப் சுற்றிய ஒயர் கார்டுக்கு அடியில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது.

வீட்டுக்கார அக்காவிடம் சொன்னால், "நம்ம ஆளுன்னு போனியா தம்பி? வணக்கம் சொல்றதுக்கும் அவன் சார்ஜ் போடுவான்" என்றார்.

இனி, உண்மையில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி430 தயங்காமல் ஏற்கும் இரண்டு அலைவரிசைக் கார்டு இன்டெல் சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6205. அதிலும் லெனோவாவின் பாக எண் ஒட்டியதாகப் பார்த்து வாங்கவேண்டும். 60ஒய்3253 என்பது அதில் ஒன்று. வேறு கம்பெனி லேப்டாப்பிலிருந்து கழற்றிய 6205 என்றால் அதற்கும் 1802 வரலாம். 7260-க்குச் சொன்ன 867 போன்ற வேகம் கிடைக்காது, 300 எம்பிபிஎஸ்தான், ஆனால் வகுப்பு எடுக்க அது தாராளம். பழையது ஒன்று கைமாற்றாகக் கிடைத்தது. மாட்டியதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. இன்னும் புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் இருப்பது எம்.2 ஓட்டை, அதற்கு ஆன்டெனா முனை இதைவிடச் சிறியது, இதன் ஒயர் அதில் மாட்டாது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 கார்டுகள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஏஎக்ஸ்201, அதற்கென்று ஏற்பாடு உள்ள புதிய இன்டெல் மெஷின்களில் மட்டுமே வேலை செய்யும். மற்றதில் மாட்டினால் செத்த கார்டு. விலை மலிவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கறுப்பு ஒயருக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. முனையை மாற்ற முடியாது, முழு ஆன்டெனாவையும் மாற்ற மூடியைப் பிரிக்கவேண்டும். அந்தச் செலவையும் பாக்கி 450-ஐயும் சேர்த்து, ரசீது, மேக் எண்ணின் படம், வீடியோ எல்லாவற்றோடும் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் அலுவலகத்துக்கு மனு போட்டிருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது. முதலில் கடையிடம் முறையிட்டதற்கு ஆதாரம் மட்டும் கேட்கிறார்கள், ஒரு இமெயில் போதும். மனுவுக்கு எண் வந்துவிட்டது. கடைக்காரரின் பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.